விலையும் பெறுமதியும்

கடையில் ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போது நம் மனதில் மூன்று கேள்விகள் எழுகின்றன. இது என்ன விலை? இதனால் எனக்கு என்ன பயன்? இந்தக் காசுக்கு இது பெறுமா? மூன்றாவது கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் நமது வாழ்நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

1776இல் வெளியான தமது நூலில் அடம் சிமித் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். தண்ணீரைப் போல் பயனுள்ளது வேறில்லை. ஆயினும் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடிவதில்லை. வைரத்தால் ஆகும் பயன் சொற்பம். அதற்கோ எவ்வளவோ பொருட்கள் ஈடாகக் கிடைக்கின்றன. 1871இல் ஜெவன்சும் மெங்கரும் தனித்தனியே எழுதிய நூல்களில் இதற்கு விடை தெளிவாயிற்று. அடுத்ததாகக் கைக்கு வரும் அலகின் பயனை வைத்தே நாம் விலையை மதிக்கிறோம். கிணற்றடியில் நிற்பவனுக்கு இன்னொரு குடம் தண்ணீர் பெரிதல்ல. வரட்சியில் தவிப்பவனுக்கு அதுவே உயிர்.

எல்லைப் பயன்பாடு என்ற இதனை வகுப்பில் நானும் விளக்குவதுண்டு. எனினும் ஒருவன் கொடுக்க முன்வரும் விலை அவனது தேவையோடு அவனது மடியின் கனத்தையும் சேர்த்தே காட்டுகிறது. செல்வம் பெருகிய நகரங்களில் ஆடம்பரப் பொருட்கள் விலையேறுவது ஏனென்று 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் ஆராய்ந்தார். அங்குள்ள வசதி படைத்தோர் அவற்றுக்கு அள்ளிக் கொடுப்பதே அவர் கண்ட காரணம்.

2022இல் நம் நாட்டவர் இதைப் பட்டறிந்தனர். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. ஆனால் அந்த விலைக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. கலன்களோடு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்தது. ஓகஸ்ட் மாதத்தில் விலை 340 ரூபாவாயிற்று. தோணிக்கு இயந்திரம் பூட்டிய கடற்றொழிலாளிக்கும் அடுப்பெரிக்க வேறு வழியற்ற வீட்டுக்கும் ஒரு லீற்றரின் பயன் அன்றும் அதுவே, இன்றும் அதுவே.

வரிசை நியாயமா, விலை நியாயமா? எல்லோருக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரம்தான். ஆகவே வரிசையே சமத்துவமானது என்று நண்பரொருவர் வாதிட்டார். எனக்கு அது உடன்பாடில்லை. வரிசையில் நின்ற நாளிலும் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனுக்குச் சம்பளம் உண்டு. அன்றாடம் கூலிக்குப் போகிறவனின் வீட்டில் அன்று உலை கொதிக்காது. வசதியுள்ளவர் தமக்குப் பதிலாக ஆள் நிறுத்தவும் முடியும். விலையை உயர்த்தினால் பொருள் சந்தைக்கு வரும் என்பது உண்மையே. ஆனால் அப்போது வரிசையிலிருந்து முதலில் விலகுபவன் தேவை குறைந்தவன் அல்லன், காசு குறைந்தவன்.

ஆகவே உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவற்றை முதலில் பங்கிட்டுக் கொடுத்து, எஞ்சியதைச் சந்தையின் விலைக்கு விடுவதே நீதிக்கு அண்மையானது என நினைக்கிறேன். நம் மூத்தவர்கள் கண்ட கூப்பன் அரிசியும், 2022இல் வாகன எரிபொருளுக்கு வந்த கியூஆர் முறையும் குறைகள் இருந்தும் இவ்வழியையே நாடின.

அரசு எதைச் செய்தாலும், வாங்குபவனுக்கும் ஒரு கடமை மிஞ்சுகிறது. பொருளியல் சொல்லும் அந்த அடுத்த அலகை அயலவனின் கலனுக்குள்ளும் வைத்துப் பார்க்க வேண்டும். தட்டுப்பாட்டின்போது “காசு என்னுடையது, வாங்குகிறேன்” என்று நாம் சேமிக்கும் பத்தாவது லீற்றர், இன்னொருவருக்குக் கிடைக்காமற்போன முதலாவது லீற்றராக இருக்கலாம். கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டில் அந்த விலை எழுதப்படுவதில்லை.