பூட்டும் தராசும்

வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றுகொண்டிருந்தோம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அருகே வந்தார். "மாமா, காசு கொடுத்து வாங்கிய கணினி விளையாட்டு ஒன்று இப்போது திறக்க மாட்டேன் என்கிறது. விற்றவர்களே பூட்டிவிட்டார்கள். பூட்டு உடைத்த பிரதி இணையத்தில் சும்மா கிடைக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார்கள் கூட்டாளிகள். இனிமேல் எதையுமே காசு கொடுத்து வாங்காதே என்றும் சொல்கிறார்கள். இது கூடுமா?" என்று கேட்டார்.

ஃபத்வா கொடுப்பது உலமாப் பெருமக்களின் பொறுப்பு. நாம் கடைக்காரர், நமக்குத் தெரிந்தது தராசு. அந்தத் தராசைக் கொண்டே இக்கேள்வியை நிறுத்துப் பார்க்கிறோம்.

முதலில் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். 2000ஆம் ஆண்டுவாக்கில் நம் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலே ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கள்ளத் தட்டுகள் இருந்தன. படம், பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. அரிசி நிறுக்கும்போது ஒரு மணி குறையாமல் பார்த்துக்கொண்ட அதே கைதான் அவற்றையும் எடுத்து விற்றது. 'வெள்ளைக்காரன் கம்பெனிதானே, அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது' என்று மனம் சமாதானம் சொல்லிற்று. ஒரு நாள் சாமான் வாங்க வந்த ஹஜ்ரத் ஒருவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். "தம்பி, நம்மவனுக்கு ஒரு படிக்கல், வெள்ளைக்காரனுக்கு ஒரு படிக்கல் என்று இரண்டு வைத்திருக்கிறாயோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. மறுநாள் அத்தட்டுகளை உடைத்து எறிந்தோம்.

ஒரு விளையாட்டைப் பல நூறு பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உண்டாக்குகிறார்கள். அந்த உழைப்பு கையில் பிடிக்க முடியாதது என்பதால் அது எவருக்கும் சொந்தமில்லை என்றாகிவிடுமா? 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர்க்கும் புதியன கண்டுபிடித்தவர்க்கும் உள்ள உரிமையை மார்க்கம் பேணுகிறது, அதிலே கை வைப்பது கூடாது என்று தீர்மானித்தது. ஆகவே கள்ளப் பிரதி எடுப்பதற்கு ஏழ்மையும் சாக்கில்லை, எதிரியின் செல்வமும் சாக்கில்லை.

நிற்க. தராசுக்கு இரண்டு தட்டு உண்டு. மற்றத் தட்டையும் பார்ப்போம்.

கம்பெனிகள் பூட்டுப் போடுவதில் தவறில்லை. ஒரு விளையாட்டு வெளிவந்த முதல் சில வாரங்களில்தான் பெரும்பகுதி விற்கும். அதுவரையாவது திருடனைத் தடுக்கலாமே என்றுதான் 2014 முதல் டெனுவோ என்னும் பூட்டைப் பலர் வாங்கிப் போடுகிறார்கள். நாமும் இரவில் கடைக்குப் பூட்டுப் போடுகிறோம் அன்றோ?

ஆனால் நாம் பூட்டுவது கடையை. விற்ற அரிசி மூட்டையைப் பூட்டி, சாவியை நம் மடியில் வைத்துக்கொள்வதில்லை. அப்படிச் செய்தால் என்ன ஆகும்? அந்த வீட்டுத் தாய் உலை வைக்கும் போதெல்லாம் பிள்ளையை நம் கடைக்கு ஓட்ட வேண்டும். பெருநாளைக்கு நாம் கடையை அடைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. திருடியவனோ மூட்டையைக் கிழித்துப் பொங்கித் தின்றுகொண்டிருப்பான்!

இது கற்பனையன்று. 2008 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி ஸ்போர் என்ற விளையாட்டைச் செக்யூரோம் என்னும் பூட்டோடு விற்றது. மூன்று கணினியில் மட்டுமே ஏற்றலாம் என்பது நிபந்தனை. வாங்கியவர்கள் கூக்குரலிட்டபின் அது ஐந்தாயிற்று. இப்பூட்டு இருப்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்றார்கள் என்று கலிபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. அவ்வளவு பூட்டியும் உடைத்த பிரதி அதே வேளையில் உலகெங்கும் உலவியது. 2010இல் யூபிசாஃப்ட் கம்பெனி, இணையத்தொடர்பு அறுந்தால் ஆட்டமும் நின்றுபோகும்படி ஒரு பூட்டைப் போட்டது. அவ்வாண்டு மார்ச்சில் யாரோ அக்கம்பெனியின் கணினிகளைத் தாக்க, காசு கொடுத்தவர்கள் ஆட முடியாமல் தவித்தார்கள். அதே கம்பெனி 2014இல் விற்ற தி க்ரூ என்ற கார்ப்பந்தய விளையாட்டு, 2024 மார்ச் 31ஆம் நாள் அடியோடு மூடப்பட்டது. தனியாக ஆடுவதற்கும் கம்பெனியின் கணினி வேண்டியிருந்ததால், வாங்கியவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

சகோதரர்களே! நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டார்கள், விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். வாங்குவோர் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் கருத்தில் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் பதிவான செய்தி இது. அடியிலே மறைத்த நிபந்தனையும் அந்த ஈரந்தான். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்த விலைப்பணத்தைத் தருமம் செய்துவிட்டார்களென்று வரலாறு கூறுகிறது.

இவ்வகையில் சில நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. உரிமம் மட்டுமே தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக்கூடாதென்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் நடப்பிலுள்ளது. விற்ற விளையாட்டைக் கொல்லாதீர் என்று ஐரோப்பாவில் எழுந்த மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். போலந்து நாட்டவரின் ஜிஓஜி கடை 2008 முதல் பூட்டில்லாமலே விற்றுவருகிறது. விட்சர் 3 என்ற விளையாட்டு 2015இல் அங்கே பூட்டின்றித்தான் விற்கப்பட்டது. எல்லாக் கடைகளிலுமாக 2023க்குள் 5 கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. வாங்குவோரை நம்பியவர் கெட்டுப்போகவில்லை.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரைப் பற்றியது. தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைப்பவனை அது கண்டிக்கிறது. முழு விலை வாங்கிக்கொண்டு அரைப் பொருள் கொடுக்கும் கம்பெனியும் அவன்தான். முழுப் பொருளையும் எடுத்துக்கொண்டு ஒரு காசும் கொடாத வாலிபனும் அவன்தான். அவர்கள் திருடுவதால் பூட்டுகிறோம் என்கிறார் ஒருவர்; அவர்கள் பூட்டுவதால் திருடுகிறோம் என்கிறார் மற்றவர். மஹ்ஷரில் நிறுக்கும் தராசில் அடுத்தவன் குற்றம் நமக்குப் படிக்கல்லாகாது.

எனவே அந்த இளைஞருக்கு இப்படிச் சொன்னோம்: "தம்பி, நீ விலை கொடுத்தது, உனக்குக் கிடைக்காமல் போனது ஒரு விஷயம். ரசீதை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேள், முறையிடு. அந்த ஒரு பொருளுக்கு உடைத்த பிரதியைத் தொடலாமா என்பதை ஆலிமிடம் கேட்டு நட. ஆனால் அதைச் சாக்காக வைத்து இனி யாருக்குமே காசு கொடுக்கமாட்டேன் என்பது வேறு விஷயம். அதற்கு ஆலிமிடம் போகவே வேண்டாம். உன் கல்பே பதில் சொல்லும். பூட்டு பிடிக்கவில்லையா? வாங்காதே. பூட்டில்லாமல் விற்பவனிடம் வாங்கு."

அவர் தலைகுனிந்து சற்று நேரம் நின்றார். பிறகு, "அந்த ஒன்று மட்டுமில்லை மாமா, என் கணினியில் இன்னும் பல இருக்கின்றன" என்றார். நாம் நம் பழைய அட்டைப்பெட்டியின் கதையைச் சொன்னோம்.

பெற்றோர்களே! பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்ப்பதோடு, அது எப்படி வந்தது என்றும் கேளுங்கள். கடைக்காரச் சகோதரர்களே! நம் குவியலில் ஈரம் இருந்தால் அதை மேலே வையுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்தையும், கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் ஒரே படிக்கல்லையும் தந்தருள்வானாக! ஆமீன்.