ஆறு யாருடைய கணக்கில்?

கோலாலம்பூர் மாநகர் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் பிறந்தது என்பதை நம் வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிவர். சேறு நிறைந்த கூடுதுறை என்பதே அப்பெயருக்குக் கூறப்படும் பொருள். 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜாமிக் பள்ளிவாசல் அந்தக் கூடுதுறையில்தான் நிற்கிறது. நம்மவர் தொழுகைக்கும் தொழிலுக்கும் பெயர்பெற்ற மஸ்ஜித் இந்தியா வட்டாரம் அதற்கு அண்மையில் இருக்கிறது. அங்கு சேர்ந்த நீர் பிரிக்பீல்ட்ஸைக் கடந்து, கிள்ளான் நகரைத் தொட்டு, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஆகவே, தலைநகரில் கடை வைத்திருப்பவரையும் கிள்ளானில் கடை வைத்திருப்பவரையும் இணைக்கும் ஒரே வீதி இந்த ஆறுதான் என்றாலும் தவறில்லை.

இந்த ஆற்றையும், அதில் சென்று விழும் நம் தெருக் கால்வாய்களையும் தூய்மையாக வைத்திருப்பது யார் கடமை? இக்கேள்வியையே ஈண்டு நாம் சிந்திக்க விழைகிறோம்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 'வாழ்வின் ஆறு' என்ற பெயரில் கோடிக்கணக்கான ரிங்கிட் செலவில் 2012ஆம் ஆண்டு முதல் தூய்மைப் பணியும் கரைகளை அழகுபடுத்தும் பணியும் நடைபெற்றன. 2019ஆம் ஆண்டு, மிதந்து வரும் குப்பையைச் சூரிய சக்தியால் அள்ளியெடுக்கும் டச்சு நாட்டு இயந்திரம் ஒன்றும் கிள்ளான் பகுதியில் ஆற்றில் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த இயந்திரம் புட்டியையும் பையையும்தான் பிடிக்கும். சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் நள்ளிரவில் ஊற்றப்படும் எண்ணெயையும், சட்டி கழுவிய பிசுக்கையும் அது பிடிக்குமா? பிடிக்காது. அவற்றை ஊற்றும் இடத்திலேயே தடுத்தால்தான் உண்டு.

"மாநகர் மன்றத்துக்கு வரி கட்டுகிறோமே, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்பர் சிலர். நியாயமான பேச்சுப் போலத் தோன்றும். ஆனால், வரி என்பது தவிர்க்க முடியாத குப்பையை அகற்றுவதற்கான கூலி. தவிர்க்கக் கூடியதைக் கொட்டுவதற்கு அது உரிமச்சீட்டு ஆகாது. காவலருக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காக எவரும் தம் கடைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவதில்லை.

"நான் ஒருவன் திருந்தினால் ஆறு திருந்திவிடுமா?" என்பர் வேறு சிலர். இங்கே நம் மார்க்கம் கற்றுத்தந்த பாகுபாடு ஒன்று துணைக்கு வருகிறது. ஊரில் ஒருவர் இறந்தால் ஜனாஸாத் தொழுகை பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லார் கடமையும் நீங்கும். எவருமே முன்வராவிட்டால் ஊரே குற்றவாளி. ஐவேளைத் தொழுகையோ பர்ளு ஐன். ஒருவருடையதை இன்னொருவர் தொழுது தீர்க்க இயலாது. தெருக் கால்வாயைக் கூடிச் சுத்தம் செய்வதை முதல் வகைக்கு ஒப்பிடலாம். தன் கடைக் கழிவைப் பிறர் வாசலுக்கு அனுப்பாதிருப்பதோ இரண்டாம் வகையைப் போன்றது. அதற்கு ஆறு திருந்துமா என்ற கேள்வியே எழாது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, இடையூறை நாமே பாதையில் போடுவது எவ்வாறு தகும்?

மூன்றாவது பேச்சு ஒன்றுண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. "எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் தொட்டி வைத்து, அதை ஒழுங்காகக் கழுவ ஆளுக்குக் கூலியும் கொடுக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் ஒன்றும் செய்வதில்லை. அவருக்கு மிச்சம், எனக்கு நஷ்டம்." இந்தக் குறை உண்மையானது. ஆயினும் ஒன்று கேட்கிறோம். பக்கத்துக் கடையில் எடை குறைத்து விற்கிறார்கள் என்பதற்காக நாமும் தராசில் கைவைப்போமா? மாட்டோம். அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். கால்வாயில் கழிவை ஊற்றுவதும் ஒருவகை எடைக் குறைப்பே. நம் பேரேட்டில் பற்று எழுத வேண்டிய செலவை ஆற்றோரத்தில் வாழும் ஏழையின் கணக்கில் எழுதிவிட்டு, இலாபம் என்று பெயரிடுகிறோம். ஊற்றியவர் வேலையாள்தானே என்று முதலாளி ஒதுங்கவும் முடியாது. தொட்டியும் நேரமும் கொடுக்காதவர், வேலையாளைக் குறைகூற உரிமையற்றவர்.

ஆகவே நல்லவர் மட்டும் நஷ்டப்படாமலிருக்க வழி, ஒரு தெருவே சேர்ந்து செய்வதுதான். பயன்படுத்திய சமையல் எண்ணெயை எரிபொருள் தயாரிக்க விலை கொடுத்து வாங்குவோர் இந்நாட்டில் இருக்கிறார்கள். பத்துக் கடைகள் சேர்ந்து எண்ணெயைச் சேகரித்து விற்றால், தொட்டி கழுவும் கூலியில் ஒரு பகுதியாவது அதிலிருந்தே கிடைக்கும்.

கூட்டு முயற்சியால் ஆவதென்ன என்பதற்குத் தொலைநாட்டுச் சான்றும் உண்டு. அயர்லாந்தில் 1958ஆம் ஆண்டு ஊர்த் தூய்மைக்கான போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. முதலாண்டுப் பரிசைப் பெற்றது டொனெகால் மாவட்டத்துச் சிற்றூரான கிளென்டீஸ். செல்வம் மிகுந்த பட்டணமன்று அது. ஊரார் தாமே உழைத்ததே அதன் பெருமை. அப்போட்டி இன்றளவும் தொடர்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2021 டிசம்பரில் பெருமழையால் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, பல இனத்தாரும் படகும் உணவும் கொண்டு தாமாகவே ஓடினர். வரி கட்டியிருக்கிறோமே என்று அன்று அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. வெள்ளம் வந்த பின் பிறக்கும் அந்த நல்லுணர்வு, வெள்ளத்துக்கு முன்பே, நம் கடைப் பின்புறத்திலேயே பிறக்கட்டும். அடைபட்ட கால்வாய் மழையின் தீங்கைப் பெருக்கும் என்பதை அறியாதவர் நம்மில் யார்?

ஒவ்வொரு தெருவிலும் நான்கு முதலாளிமார் கூடிப் பேசினால் போதும், காரியம் தொடங்கிவிடும். வரும் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, நம் இலாபத்தில் ஆற்றின் பங்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் பார்த்து முடிப்போமாக.