எல்லை தாண்டினால் மறந்துபோகுமா ஊசி போட?

நர்சிங்கை அஞ்சல் வழியில் படித்தார்கள் என்று சொன்னால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் முகம் சுளிப்போம். சுளிப்பதில் குற்றமில்லை. நாளைக்கு நம் அம்மாவின் நரம்பில் ஊசி ஏற்றப் போகிறவர் எங்கே பழகினார் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் சுளித்த முகத்தையே ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒருவரின் பிழைப்பில் கை வைத்தால், ‘எங்கே சான்று?’ என்று கேட்க யாராவது வேண்டும். அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த முகச்சுளிப்பு சட்டத்தின் உடையில் நடமாடுகிறது.

நியூயார்க் மாநிலத்தில் 1971-இல் ‘ரீஜென்ட்ஸ் வெளிப்பட்டம்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாநிலக் கல்வி ஆணையர் இவால்ட் நைக்விஸ்டின் யோசனை அது. ஒருவர் எங்கே கற்றார், எப்படிக் கற்றார் என்று துருவாமல், அவருக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் சோதித்துப் பட்டம் கொடுக்கலாமே என்பது அதன் உயிர்நாடி. கெல்லாக் அறக்கட்டளை பணம் கொடுக்க, கேரி லென்பர்க் என்ற செவிலியர் கல்வியாளர் நர்சிங் பிரிவை உருவாக்கினார். அந்த நிறுவனம் 2001-இல் எக்செல்சியர் கல்லூரி ஆனது, இப்போது பல்கலைக்கழகம்.

அங்கே படிக்க வந்தவர்கள் பள்ளியை முடித்த கையோடு வந்த பிள்ளைகள் அல்லர். ஏற்கெனவே கீழ்நிலை நர்ஸ் உரிமத்தோடு வார்டில் உழைத்தவர்கள் (கலிபோர்னியாவில் இவர்களை எல்.வி.என். என்பார்கள்), ஆம்புலன்ஸ் பாராமெடிக்குகள், ராணுவத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள். இரவு டியூட்டியை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலறை மேசையில் புத்தகத்தைத் திறந்தவர்கள். ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியராக உயர இவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் நர்சிங் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல்; சிலவற்றில் குலுக்கல். இடம் கிடைத்தாலும் பகலெல்லாம் வகுப்பில் உட்கார வேண்டும். வாடகையை யார் கட்டுவது?

சரி, சோதனையாவது சுலபமா? அந்தக் கல்லூரி பல பத்தாண்டுகளாக நடத்திய செய்முறைத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை, ஒரு நிஜ மருத்துவமனையில், நிஜ நோயாளிகளிடம் நடக்கும். முதலில் ஆய்வகத்தில் ஊசி, மருந்து, காயத்துக்குக் கட்டு. பிறகு இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை என்று மூன்று பேரைக் கவனிக்க வேண்டும். பக்கத்திலேயே தேர்வாளர் நிற்பார், உதவ அல்ல, பார்க்க. கை கழுவ மறந்தால் தோல்வி. நோயாளியின் அடையாளப் பட்டையைப் பார்க்காமல் மருந்தை நீட்டினால் தோல்வி. டிரிப்ஸ் கணக்குத் தவறினால் தோல்வி. கிருமி நீக்கிய கையுறை படக்கூடாத இடத்தில் பட்டால் தோல்வி. நூற்றுக்கு எழுபது வாங்கித் தேறும் வழியே கிடையாது. மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் படித்த வருடங்களும் போயின. அதையும் தாண்டியவர்கள்தான், நாட்டில் எந்தக் கல்லூரியில் படித்தவரும் எழுதுகிற அதே ‘என்கிளெக்ஸ்’ உரிமத் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். சென்னையில் உட்கார்ந்து நம் ஊர்ப் பெண்கள் எழுதுவதும் அந்தத் தேர்வைத்தான்.

பல ஆண்டுகள் இவர்களை ஏற்றுக்கொண்டிருந்த கலிபோர்னியா செவிலியர் வாரியம், 2003 டிசம்பரில் கதவைச் சாத்தியது. டிசம்பர் 6-க்குப் பிறகு எக்செல்சியரில் சேர்ந்தவர்களுக்கு அந்த மாநிலத்தில் உரிமம் இல்லை. 5-ஆம் தேதி சேர்ந்தவர் செவிலியர். 7-ஆம் தேதி சேர்ந்தவர் யாரோ. பாடம் அதேதான், தேர்வும் அதேதான். கல்லூரி வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் வாரியத்தின் பக்கம் நின்றது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. நர்ஸுக்கு வேலை தெரியுமா என்று பார்ப்பது அதன் வேலையல்ல.

சட்டம் கேட்டது என்ன? வகுப்புப் பாடமும், ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளியிடம் பெறும் பயிற்சியும் ஒரே காலத்தில் சேர்ந்து நடந்திருக்க வேண்டும் என்பது. இதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல முடியாது. இதயம் தளர்ந்தால் கால் வீங்கும் என்று காலையில் படித்தவள் மாலையில் அந்த வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் மனசில் நிற்கும். ஆனால் அது நல்ல கற்பிக்கும் முறை, அவ்வளவுதான். அந்த முறையில் கற்காதவளுக்கு வீக்கம் தெரியாது என்பதற்கு அது சான்றாகுமா?

இந்த விதி எதுவரை போகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் செவிலியர்களைக் கேளுங்கள். அவர்களில் பலர் அஞ்சல் வழியில் படித்தவர்களே அல்லர். கல்லூரிக்குப் போனார்கள், வார்டில் நின்றார்கள், மணிக்கணக்கும் இருந்தது. ஆனால் குழந்தைகள் நலப் பாடம் ஒரு பருவத்தில், அதற்கான வார்டுப் பயிற்சி இன்னொரு பருவத்தில். கலிபோர்னியா அவர்களையும் திருப்பி அனுப்பியது. பாடத்துக்கும் பயிற்சிக்கும் ஒரே முகூர்த்தத்தில் தாலி கட்டவில்லையாம்! நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்துச் செய்தால்தான் பலிக்கும் என்று நம் வீட்டுக் கிழவி சொன்னால் மூடநம்பிக்கை. கோட்டு போட்ட வாரியம் சொன்னால் தரக் கட்டுப்பாடா?

இன்னும் இருக்கிறது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் மத்திய அரசுடையவை. அங்கே வேலை பார்க்க ஏதாவது ஒரு மாநிலத்தின் உரிமம் இருந்தால் போதும். ஆக, எக்செல்சியரில் படித்து நியூயார்க் உரிமம் வாங்கிய செவிலியர் லாஸ் ஏஞ்சலிஸில் அந்த மருத்துவமனை ஒன்றில் போரில் காயம்பட்டவரின் உயிரைப் பார்த்துக்கொள்ளலாம். அதே ஊரில் மாநில உரிமம் கேட்கும் தனியார் மருத்துவமனையில் அவர் கால் வைக்க முடியாது. ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே விரல்கள். எந்தத் தெருவில் அந்த விரல்கள் திறமையை இழந்தன?

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நியூயார்க் ஆளுநர் வேறு மாநில உரிமம் உள்ள செவிலியர்கள் வந்து வேலை பார்க்கலாம் என்று ஆணையிட்டார். கலிபோர்னியாவும் அவசரநிலையைச் சொல்லி வெளிமாநில மருத்துவப் பணியாளர்களுக்கு வழி திறந்தது. நோயாளி மிக ஆபத்தில் இருந்த நேரத்தில் கதவு திறந்தது. ஆபத்து குறைந்ததும் நோயாளியின் பாதுகாப்பைச் சொல்லி மூடிக்கொண்டது. இந்த வரிசையை யாராவது எனக்கு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இதுவரை வாரியத்தைக் கேட்டேன். மறுபக்கத்தை விட்டுவிட்டால் அது பகுத்தறிவாகாது, வக்கீல் வேலை.

உரிமமே வேண்டாம், திறமை தானே வெளிப்படும் என்பவர்கள் நள்ளிரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்துப் பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் நர்ஸைத் தேர்ந்தெடுப்பதில்லை, யார் வருகிறாரோ அவர் கையில் உயிர். அதனால் யாரோ ஒருவர் முன்கூட்டியே சோதித்தாக வேண்டும். திரையில் தோன்றும் கேள்விகளுக்குச் சரியான விடையைச் சொடுக்கினால் போதும் என்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற பெயரில் 25 பேர் மீது வழக்குப் பாய்ந்தது. மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டங்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் என்கிளெக்ஸில் தேறியும் விட்டார்கள்! முறையான படிப்பும் பயிற்சியும் முடிக்காமல், பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். எழுத்துத் தேர்வு ஒன்றே போதும் என்கிற தொலைக்கல்வி ஆதரவாளர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வழக்கு வாரியங்களையும் விடவில்லை. அந்தப் போலிகள் எதைக் காட்டி உள்ளே வந்தார்கள்? இத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தார் என்று முத்திரை குத்திய காகிதத்தைக் காட்டித்தான். வாரியங்கள் எந்த மணிக்கணக்கைப் புனிதமாகக் கருதினவோ, அதையே காசுக்கு விற்றார்கள். காகிதம் பொய் சொல்லும். தேர்வாளரின் கண்முன்னால் கை கழுவாதவர் பொய் சொல்ல முடியாது. நோயாளியின் படுக்கையருகே ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்த தேர்வை நடத்திய கல்லூரியைத்தான் கலிபோர்னியா ஒதுக்கியது. 2020-இல் கொரோனாவோடு அந்தத் தேர்வும் நின்றது, திரும்பி வரவில்லை.

மணிக்கணக்கின் மதிப்பை வாரியங்களின் சொந்த அமைப்பே ஆராய்ந்திருக்கிறது. மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு பத்து நர்சிங் கல்லூரிகளில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. வார்டுப் பயிற்சியில் பாதி வரை எடுத்துவிட்டு, பொம்மை நோயாளியை வைத்துத் தரமான பாவனைப் பயிற்சி கொடுத்தாலும் மாணவர்களின் திறமையிலும் உரிமத் தேர்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கண்டது. வார்டே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. எண்ணிக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதுதான் தரம் என்று சொல்வது ஆராய்ச்சிக்கு நிற்காது என்பதே பொருள். ஜார்ஜியா மாநிலம் ஓரளவு யோசித்தது. தொலைவழியில் படித்து வருகிறவர்களை ஒரேயடியாக விரட்டாமல், அனுபவமுள்ள செவிலியரின் கண்பார்வையில் கூடுதலாகச் சில நூறு மணி நேரம் வேலை செய்துகாட்டச் சொன்னது. அங்கும் எண்ணிக்கைதான், ஆனால் கதவாவது இருக்கிறது.

கல்லூரிகளின் நேர்மையையும் கேட்காமல் விட முடியாது. கட்டணத்தை வாங்கும்போது, ‘உங்கள் மாநிலத்தில் இந்தப் பட்டம் செல்லுமா?’ என்பதற்கு நேரான பதில் சொல்லும் கடமையை மத்திய அரசு 2020 ஜூலையில்தான் திட்டவட்டமாக விதித்தது. 2024 ஜூலை முதல், மாணவர் இருக்கும் மாநிலத்தின் உரிம விதிக்குப் பொருந்தாத படிப்புக்கு மத்திய நிதியுதவி பெறுவதும் கடினமாகியிருக்கிறது. நல்லது. ஆனால் அதற்கு முன்பு கடன் வாங்கிப் படித்து, கணவருக்கு வேலை மாற்றம் வந்ததால் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவளின் கணக்கை யார் தீர்ப்பது? கல்லூரிக்குக் கட்டணம் வந்துவிட்டது, வாரியத்துக்கு விதி காப்பாற்றப்பட்டுவிட்டது. இரண்டு அமைப்புகளின் சண்டையில் அபராதம் கட்டியவள், சண்டையில் இல்லாத ஒருத்தி.

ஒருவரின் தொழிலைத் தடுக்கிறவர்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும். தடுக்கப்பட்டவர் தன் தூய்மையை நிரூபிக்க வேண்டும் என்பது தீக்குளிக்கச் சொல்லும் மரபு. நிரூபிப்பது அப்படியொன்றும் பெரிய காரியமுமல்ல. அமெரிக்காவில் எந்தச் செவிலியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பது ‘நர்சிஸ்’ என்ற தேசியத் தரவுத்தளத்தில் இருக்கிறது. யார் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது உரிம விண்ணப்பத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். தொலைவழியில் படித்தவர்களால் நோயாளிகளுக்கு அதிகத் தீங்கு நேர்ந்தது என்று கணக்கு சொன்னால், தடையை ஆதரித்து நானே எழுதுகிறேன். அப்படிச் சொல்லாவிட்டால் கலிபோர்னியா வாரியம் 2003-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெறட்டும்.