எழுப்பாமல் எடுக்கும் படம்

காட்டு வாத்துகளைப் படமெடுப்போருள் ஒரு சாரார், இன்ன பறவை இன்ன ஏரிக்கு வந்தது என்று சான்று காட்ட விரும்புகின்றனர். அதற்கு அலகும் இறகும் துலக்கமாகத் தெரிந்தால் போதும். நீரும் ஒளியும் பறவையும் ஒரே சட்டகத்துள் இசைந்து, அதன் பெயரே அறியாதவரையும் நின்று பார்க்கச் செய்யும் படத்தை மற்றொரு சாரார் நாடுகின்றனர். கலை ஒளிப்படம் எனப்படுவது இதுவே. இத்தகைய படத்துக்காக ஓர் உயிரின் அமைதியை எந்த அளவுக்குக் குலைக்கலாம் என்பது, அழகை விரும்பும் எவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

இக்கலைக்கும் வேட்டைக்கும் உள்ள உறவு பழையது. ஒளிப்படமும் ஒரு தனிக் கலையே என வாதிட்ட முன்னோடிகளுள் ஒருவரான பீட்டர் ஹென்றி எமர்சன், இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்புநிலப் பகுதியில் எடுத்து 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட படங்களுள் ஒன்று, நீர்ப்பறவைகளைப் படகில் நெருங்கும் துப்பாக்கி வேட்டைக்காரரைக் காட்டுகிறது. மறைவிடம் அமைப்பதும், உடலைத் தாழ்த்தி நீர்மட்டத்தோடு நகர்வதும் வேட்டைக்காரர் அறிந்திருந்த உத்திகளே. உத்திகள் ஒன்றாயிருப்பதில் குற்றமில்லை. பறவையைப் பறிகொடுக்கக் கூடாதென்ற பதற்றமும் உடன் வந்துவிடுவதே கவலைக்குரியது.

குளிர்காலத்தில் தமிழக ஏரிகளுக்கு வலசை வரும் தட்டைவாயன் வாத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆணின் தலையில் மின்னும் பச்சை, நிறமியால் மட்டும் உண்டாவதன்று. இறகிழைகளின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறக்கும் இதனைக் கட்டமைப்பு நிறம் என்பர். ஆகவே பறவை சற்றே திரும்பினாலும் கருமையாய்த் தெரிந்த தலை பச்சையாகி, பின்னர் நீலம் கலந்து தோன்றும். அலகின் ஓரங்களில் சீப்புப் பற்களைப் போல் நெருங்கியுள்ள தகடுகளால் நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும் இப்பறவை, மேயும்போது பெரும்பாலும் வட்டமிட்டு நீந்துவதால், காத்திருப்பவருக்கு அந்த நிறமாற்றம் முழுவதையும் தானே காட்டிவிடுகிறது. விரட்டுபவருக்குக் கிடைப்பதோ விலகி ஓடும் முதுகு மட்டுமே. வலசை வந்த புதிதில், இனப்பெருக்கத்துக்குப் பின் இறகுதிர்த்த ஆண்கள் பெண்களைப் போலவே மங்கிய கோலத்தில் இருப்பதால் பலர் அவற்றைப் படமெடுப்பதே இல்லை. கலங்கிய நீரோடு கலந்துபோகும் அந்தப் பழுப்பு நிறமும் தேர்ந்த கண்ணுக்குரிய விருந்துதான்.

பறப்பதற்கு முன்பே வாத்துகள் தம் அச்சத்தைத் தெரிவித்துவிடும்: மேய்ச்சல் நிற்கும், கழுத்துகள் நிமிரும், கூட்டம் நெருங்கித் திரண்டு விலகத் தொடங்கும். அப்போதே பின்வாங்குவது முறை. அவ்வாறின்றி, சிறகு விரிந்த படம் வேண்டுமென்று கைதட்டியோ கல்லெறிந்தோ எழுப்பினால், நெடுந்தொலைவு திரும்பிப் பறப்பதற்காக உடலில் சேர்த்துவைக்க வேண்டிய கொழுப்பு வீணே எரிந்துபோகிறது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். ஓர் ஊரே தன் கொண்டாட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும்போது, ஒரு படத்தை விட்டுக்கொடுப்பது கலைஞருக்குப் பெரிய இழப்பாகாது. விரட்டி எழுப்பிய கூட்டத்தின் படம், ஒளியமைப்பில் எத்துணைச் சிறந்ததாயினும் கண்காட்சிச் சுவருக்கு உரியதன்று. போட்டி நடத்துவோர் படம் எடுக்கப்பட்ட விதத்தையும் கேட்டறிந்த பின்னரே பரிசை முடிவு செய்ய வேண்டும்.