யார் தலைக்கு மேலே?

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. மெட்ராஸ் டெரஸ். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரியாது. தேக்கு உத்தரம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள், அதன் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்து. அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்களாம். கம்பியும் கிடையாது, சிமென்ட்டும் கிடையாது. நாமாகப் போய் ஓட்டை போடாதவரைக்கும் ஒழுகாது.

அங்கேதான் சோலார் போடலாம் என்று கிளம்பினேன். 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் தேறும். பூமி சூடாகிறதே, நம் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?

பார்க்க வந்த பையன் விவரமானவன். "சார், பேனல் கனம் பெரிசில்லை. காத்துதான் பிரச்னை. அடியில புகுந்து பாய்மரம் மாதிரி தூக்கும். கான்கிரீட்னா போல்ட் போட்டு இறுக்கிடலாம். இங்கே ட்ரில் பண்ணினா ஒழுகும். பண்ணாம கல்லு வெச்சு அமுக்கினா, கட்டை தாங்கணும்" என்றான். கஜா புயலை 2018-ல் பார்த்த ஊரில் காற்றைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு 81 வயசு. தனியாக இருக்கிறார். நிதானமாகக் கேட்டார்: "இருபத்தஞ்சு வருஷ வாரன்ட்டின்னியே தம்பி, அது பேனலுக்கா, கூரைக்கா?"

பையன் சிரித்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வி எனக்கு.

"உன் வீட்டுல ஏன்டா போடலை?"

சென்னையில் எனக்கு இருப்பது ஃபிளாட். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. அது உண்மைதான். ஆனால் இரண்டு ஏ.சி. ஓடுவதும் அங்கேதான். அப்பாவிடம் இருப்பது ஃபேன், டி.வி., கிணற்று மோட்டார். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் போக அவர் கட்டுகிற பில்லைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆக, என் மனசாட்சி உறுத்தலுக்கு அப்பாவின் தலைக்கு மேலே மருந்து மாட்டப் பார்த்திருக்கிறேன்.

இதில் என்ன தப்பு என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. வெயிலில் வரும் கரன்ட்டுக்கு என் உள்நோக்கம் தெரியுமா? யார் கூரையில் விளைந்தாலும் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். நல்ல காரியத்தை அரைகுறை மனசோடு செய்தாலும் அது நல்ல காரியம்தானே? இப்படி வக்கீல் மாதிரி ராத்திரி முழுக்க வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடத்தில் வாதம் இடறியது. ஐப்பசி மழையில் நடுராத்திரி ஒழுகினால் எழுந்து பக்கெட் வைக்கப்போவது யார்? புண்ணியம் எனக்கு, பக்கெட் அவருக்கு.

காலையில் காபியோடு, "வேணாம்ப்பா, விட்டுடலாம்" என்றேன்.

"நான் வேணாம்னா சொன்னேன்?" என்றார். "கொல்லையில பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடம் சும்மாதானே கிடக்கு. இரும்புக்கால் நட்டுத் தனியாப் போடச் சொல்லு. செலவு கூடும். அது உன் பாடு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொல்லைக்கு ஓடினேன். தெற்கே நிழல். கஜாவில் தப்பிய மூன்று தென்னை. நடுவில் இருப்பதை வெட்டினால்தான் வெயில் விழும். அம்மா வைத்த மரம்.

அப்பா பின்னாலேயே வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பையனிடம் ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன்.