நீண்ட நாசி

எபிரேய வேதத்தில் தெய்வ கோபத்தைக் குறிக்கப் பல இடங்களில் வழங்கும் 'அஃப்' என்னும் சொல்லுக்கு மூக்கு என்பதும் பொருள். சினம் மூண்டவனுடைய நாசியில் மூச்சு வெம்மையுற்று விரைவதைக் கண்டு, அவ்வுறுப்பின் பெயரையே அவ்வுணர்ச்சிக்கும் இட்டனர் போலும். 'மூக்குக்கு மேல் கோபம்' என்று பேசிப் பழகிய தமிழருக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ஆயின், மக்கள் பொற்கன்றை வணங்கிய பாதகத்துக்குப் பின்னும், சீனாய் மலையில் மோசேக்குத் தம் குணாதிசயங்களை வெளிப்படுத்திய இறைவன், தம்மை 'ஏரெக் அப்பாயிம்', அதாவது நாசி நீண்டவர், என்று கூறிக்கொள்வதாக யாத்திராகமம் சொல்லுமிடத்தில்தான் அச்சொல்லின் ஆழம் புலப்படுகிறது. சினமே அற்றவர் என்பதன்று பொருள். அநீதியைக் கண்டும் வெகுளாத தெய்வம் எளியவனுக்கு எவ்விதத்தில் துணையாகும்? சினம் உண்டு, அது வந்து சேரும் வழி நெடிது, அந்நெடுமையில் குற்றவாளி மனந்திரும்ப அவகாசமும் உண்டு. தமிழ் வேதாகமம் இதனை 'நீடிய சாந்தம்' என்றது; அழகிய பெயர்ப்பே, மூக்குதான் மறைந்துபோயிற்று. நமக்கென்று நாம் இரந்து நிற்கும் இப்பொறுமை பிறர்க்கும் கிட்டுவதை நாம் சகிப்பதில்லை: நினிவே நகரம் தண்டனைக்குத் தப்பியபோது யோனா தீர்க்கதரிசி இறைவன்மீது சொன்ன குறை, அவர் நாசி நீண்டவராய் இருக்கிறார் என்பதே. யோனாவின் புத்தகம் இறைவன் கேட்ட கேள்வியோடு முடிகிறது; யோனாவின் விடை அதில் எழுதப்படவில்லை.