ஞாபகம் யாருடைய வேலை?

சென்ற ஆண்டு ஆடி மாதம். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குக் குறிஞ்சித் திணை நடத்திக்கொண்டிருந்தேன். பூவின் பெயர் வரவில்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவரும் பெயர். கைவிரல்களைக் குவித்தும் விரித்தும் காட்டிக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "காந்தளாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அது முதல் முறை அல்ல. சில மாதங்களாகவே சொற்கள் நழுவிக்கொண்டிருந்தன. கவிதை எழுத உட்கார்ந்தால் ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சொல்லை வைத்துப் பிழைப்பவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அன்று மாலை பெரம்பலூரில் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்து வல்லாரை மாத்திரை கேட்டேன். "யாருக்குக்கா?" என்றார் கடைக்காரத் தம்பி. "பையனுக்கு. ப்ளஸ் டூ படிக்கிறான்" என்றேன். எனக்குப் பையன் இல்லை. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அரியலூர் மாவட்டத்தில், திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையோர ஊர் எங்களுடையது. வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை தானாகப் படர்ந்து கிடக்கும். அண்ணன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டு, விடியலில் போய் அதைப் பறித்து வருவது என் வேலை. அலசி, அம்மியில் அரைத்து, பாலில் கலந்து, அவனை எழுப்பிக் கொடுப்பதும் என் வேலை. "எனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே, ஒனக்கு எதுக்குடி?" என்றார் அம்மா. அவர் கேலி செய்யவில்லை. பால் கணக்கு, ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள், அப்பா மாத்திரை போடும் நேரம், எந்தக் கோழி எத்தனை முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது என்பதுவரை எல்லாம் என் தலையில்தான் இருந்தன. அதை யாரும் திறமை என்று எண்ணவில்லை. அண்ணனின் ஞாபகத்துக்கு உரம் போட வேண்டும். என்னுடையது வேலியோரப் பூசணி மாதிரி தானாகக் காய்க்கும்.

வல்லாரை நினைவாற்றலைக் கூட்டும் என்பது நம்மூரில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த ஆதாரம் மெலிதானது. அதைவிட அதிகமாக ஆராயப்பட்டது நீர்ப்பிரமி. இரண்டையுமே பிரம்மி என்று சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம், ஆனால் இரண்டும் வேறுவேறு செடிகள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரமியை நெடுங்காலம் ஆராய்ந்தது. 1990களில் அதன் சாரம் 'மெமரி பிளஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் விளம்பரத்தில் தோன்றினார். பல வாரங்கள் தொடர்ந்து உண்டவர்களிடம் நினைவுகூர்வதில் சிறிய முன்னேற்றம் தெரிந்ததாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவுதான். 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 'ஜே அட்டவணை' என்று ஒன்று உண்டு. தீர்த்துவைப்பதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் அது. மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் பொதுத்தேர்வு நெருங்கும்போது ஞாபகசக்தி டானிக் கேட்டு வரும் தாய்மார்கள் குறைவதில்லை. மாத்திரைப் புட்டியுடன் பேருந்தில் உட்கார்ந்திருந்த முனைவர் பட்டக்காரியும் அவர்களில் ஒருத்திதான்.

இதைப் பற்றிய அறக்கேள்வி மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேறு விதமாகக் கேட்கப்படுகிறது. கவனக் குறைபாட்டுக்கான மாத்திரையையும், அடக்க முடியாத தூக்கநோய்க்கான மோடஃபினிலையும், அந்தக் குறைகள் இல்லாத மாணவர்கள் தேர்வுக்காக விழுங்குகிறார்கள். இது ஓட்டப்பந்தய வீரர் ஊக்கமருந்து போடுவது மாதிரி ஏமாற்று வேலையா, காப்பி குடிப்பது மாதிரி சாதாரணமா என்று வாதிடுகிறார்கள். நோயைத் தீர்ப்பது சரி, இயல்பைத் தாண்டிக் கூட்டுவதுதான் சிக்கல் என்று ஒரு கோடு போடுகிறார்கள். படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கள் மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தால் கோடு கலைகிறது.

மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி இது. சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கும் பூமி. பின்தங்கிய பகுதி என்று பெயரெடுத்தது. ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் 2023இல் மாநிலத்திலேயே பெரம்பலூர் முதலிடம். 2024இல் அரியலூர். 2025இல் ப்ளஸ் டூவிலும் அரியலூர் முதலிடம். இங்குள்ள பிள்ளைகளுக்கு ஞாபகம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குழுமூர் அனிதாவுக்கும் குறையில்லை. ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். அளவுகோல் மாறியது. பல லட்சம் செலவழித்துப் பயிற்சி பெறுபவர்களுக்குத் தோதான நீட் தேர்வில் 720க்கு 86 என்று அவருக்கு மதிப்பிட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பேசினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல்தான் வந்தது. வெளியே இருந்த குறையை ஒரு பெண்ணின் மூளைக்குள் இருக்கும் குறையாக மாற்றிக் காட்டுவது எவ்வளவு எளிது என்பதை அந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்த நாங்கள் மறக்க முடியாது. ஒவ்வொரு டானிக் புட்டியும் இதையேதான் சொல்கிறது: 'உனக்குத்தான் போதவில்லை.'

நானும் அப்படித்தான் நினைத்தேன். மாத்திரையை இரண்டு மாதம் விழுங்கினேன். சொற்கள் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு தோழி வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அந்த மருத்துவர் ஞாபகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாசத்துக்கு எத்தனை நாள் படுது? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்க நெருங்க உதிரப்போக்கு அதிகமாகியிருந்தது. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மூளைக்கு உயிர்வளி கொண்டுபோக இரும்பு வேண்டும். நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேதிப்பொருட்கள் உருவாகவும் இரும்பு வேண்டும். இல்லாவிட்டால் கவனம் சிதறும், களைப்பு அழுத்தும்.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். இங்கேதான் அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. பாதிப் பெண்கள் சோர்ந்து கிடக்கும் ஊரில் சோர்வுதான் பெண்ணின் இயல்பு என்று ஆகிவிடுகிறது. என் பாட்டி வாழ்நாள் முழுக்கக் கண் இருண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றவர். "பொம்பளன்னா அப்படித்தான்" என்பார். அவருக்கு யாராவது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால், நோய் தீர்ந்தது என்று நினைத்திருக்க மாட்டார். ஏதோ அதிசய சக்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். இயல்பு எது என்பதையே பற்றாக்குறையை வைத்து அளந்த இடத்தில், தீர்ப்பது எது, கூட்டுவது எது என்று எப்படிப் பிரிப்பது?

ஆகவே மூளையைக் கூர்மையாக்க ஒன்றை உண்பது சரியா தவறா என்பது எனக்கு முதல் கேள்வியாகப் படவில்லை. நான் தினமும் மூன்று காப்பி குடிக்கிறவள். வளர்ந்த பெண் ஒருத்தி தன் அறிவுக்காக, தெரிந்து, ஒன்றை உண்டால் அதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. அந்த மூளையின் மேல் யார் என்ன ஏற்றி வைத்திருக்கிறார்கள், கூடுதலாகக் கிடைக்கும் ஞாபகம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதே என் கேள்வி.

நம் மரபில் அவதானம் என்று ஒரு கலை உண்டு. ஒரே நேரத்தில் பல செயல்களில் கவனம் வைத்து எதையும் மறக்காமல் திருப்பிச் சொல்வது. முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும், மணியோசையை எண்ண வேண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் பாட வேண்டும். நூறு செயல் என்றால் சதாவதானம். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் அதைச் செய்துகாட்டினார். பெரும் சாதனை. வகுப்பில் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு என் அடுப்படி நினைவுக்கு வருகிறது. குக்கர் எத்தனை விசில், பால் பொங்குகிறதா, மகளுக்கு இன்று எந்தச் சீருடை, அத்தையின் சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, சிலிண்டர் பதிந்து எத்தனை நாள். இதற்கு மேடையும் கிடையாது, பட்டமும் கிடையாது. தவறினால்தான் பெயர் கிடைக்கும்: 'மறதிக்காரி.'

அந்த வல்லாரை மாத்திரை வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். காந்தள் வந்திருக்கும். கூடவே இன்னும் பத்து வேலைகளும் என் தலைக்கே வந்திருக்கும். சுமக்கிறவளின் தோளை வலுவாக்கிவிட்டு மூட்டையை அப்படியே விடுவதை மேம்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது. சொற்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. எல்லாம் அல்ல. வயதும் இருக்கிறது. இன்னொன்றும் செய்தேன். என் தலையில் இருந்த வீட்டு வேலைகளை ஒரு நோட்டில் எழுதினேன். அறுபத்தி மூன்று வந்தது. அதில் முப்பதை இணையரின் பெயருக்கு மாற்றினேன். "நீ ஒரு வார்த்த ஞாபகப்படுத்துனா போதும், நான் செஞ்சிருவேன்" என்றார். ஞாபகப்படுத்துவதுதான் அந்த வேலையே என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

போன மாதம் சிலிண்டர் பதிய மறந்துவிட்டார். இரண்டு நாள் கடையில் இட்லி வாங்கினோம். "நீயாச்சும் ஞாபகம் வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றார் அத்தை. ஞாபகம் இருந்தது அத்தை, சொல்லவில்லை என்றேன். அவருக்குக் கோபம். எனக்கும் குற்ற உணர்வாகத்தான் இருந்தது.

அலமாரியில் பாதிப் புட்டி வல்லாரை இன்னும் இருக்கிறது. மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும்மா?" என்றாள். எனக்கு வாங்கியது என்றேன்.